முள்வால் இகுவானா வாலால் குத்துமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மனதிலேயே நிற்கிறது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் அனுப்பியது: "குவாத்தமாலா முள்வால் இகுவானா பற்றிப் பேசினீர்களே, அது வாலில் இருக்கும் முள்ளால் எதிரியைக் குத்துமா?"

நல்ல கேள்வி, கண்ணு. இகுவானா என்பது ஓணான் மாதிரி ஒரு பெரிய பல்லி வகை. சிக்கிக்கொண்டால் வாலைச் சுழற்றி அடிக்கும். ஆனால் அந்த வாலை நான் கதவு என்றுதான் சொல்வேன். போன பேச்சிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன், அது கதவு. துரத்தினால் மரப்பொந்துக்குள் தலையை விட்டு நுழைந்துவிடும். வெளிப்பக்கம் இருப்பது வால் மட்டும். வளையம் வளையமாக முட்செதில் நிறைந்த அந்த வால் வாசலை அடைத்துக்கொள்ளும். எங்கள் பாட்டி வீட்டில் ஒரு அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ராத்திரியானால் குழவிக்கல்லை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். அந்தக் குழவிக்கல்தான் இந்த வால்.

சரி, கதவு இருக்கிறது. வீடு எங்கே? நீங்கள் இதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இது உலகத்திலேயே குவாத்தமாலாவின் மொத்தாகுவா பள்ளத்தாக்கில் மட்டும்தான் வாழ்கிறது. கரீபியக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை சியரா தெ லாஸ் மினாஸ் மலைத்தொடர் தடுத்துவிடுவதால் அது மழை மறைவுப் பகுதி, முள்ளும் கள்ளியுமான வறண்ட காடு. அங்கே தூண் தூணாக நிமிர்ந்து நிற்கும் ஒரு கள்ளி உண்டு. ஊர்க்காரர்கள் துனோ என்பார்கள். அந்தக் கள்ளியின் உள்ளீடற்ற தண்டும் மரப்பொந்தும்தான் இதற்கு வீடு. இதையே அங்கே துனோ இகுவானா என்றுதான் அழைக்கிறார்கள்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. கள்ளிப் பழம் பழுத்ததும் இது தின்னும். விதை எச்சத்தோடு வேறு இடத்தில் விழும். அப்படி வயிற்றுக்குள் போய் வந்த விதை நன்றாக முளைக்கிறது என்று 2016ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. யோசித்துப் பாருங்கள், பேரப்பிள்ளைகள் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு இது இன்றைக்கே விதை போடுகிறது!

அந்தக் காட்டைத்தான் முலாம்பழத் தோட்டத்துக்கும் மாட்டு மேய்ச்சலுக்கும் வெட்டுகிறார்கள். இறைச்சிக்காகப் பிடிக்கிறார்கள், அதிலும் முட்டை சுமக்கும் பெண் இகுவானாவைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செல்லப்பிராணியாக வளர்க்க வெளிநாட்டுக்கும் கடத்தினார்கள். அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் சைட்டிஸ். 2010ல் அதன் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். அதிலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது. ஆனால் அந்தச் சட்டம் எல்லையில்தான் நிற்கும். கள்ளியை வெட்டுகிற இடத்துக்கு வராது. கதவைக் காப்பாற்றினோம், வீட்டை இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி அனுப்பிய கண்ணுக்கு நன்றி. அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.