காது அடைத்தால் 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசி அடைமழையில் கடலூர் துறைமுகத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவர். பத்து நாளாகச் சளி. ஒரு ராத்திரி வலது காதில் குத்துவலி. விடிந்ததும் வலி தணிந்துவிட்டது, ஆனால் காது கேட்கவில்லை. "ஏலக்காரர் வாய் அசையுது சார், விலை மட்டும் காதுல விழல" என்றார். அவர் அனுமதி தந்ததால்தான் இதைச் சொல்கிறேன்.

வருவதற்குள் வீட்டு வைத்தியம் முடிந்திருந்தது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்! அதைத் துடைத்தெடுக்கவே பாதி நேரம் போனது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேராக உள்ளே இறங்கிவிடும். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

நல்ல செவிப்பறை சிப்பியின் உட்புறம்போலப் பளபளக்கும். அவருடையது சிவந்து வெளிப்பக்கம் புடைத்திருந்தது. பின்னால் சீழ். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும், உள்ளே நீர் கோத்துக் கிருமி பெருகும். நீர் நிறைந்தால் செவிப்பறையும் அதை ஒட்டிய மூன்று குட்டி எலும்புகளும் சரியாக அதிராது. இந்த வகைக் கேளாமை பெரும்பாலும் சரியாகிவிடும். நீர் வற்றச் சில வாரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கும் இதுதான் என்று நினைத்தேன். சரி, எதற்கும் பார்ப்போம் என்று தட்டினால் ரீங்கரிக்கும் உலோகக் கருவியான இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தேன். நடுக்காதில் மட்டும் கோளாறு என்றால் ஒலி அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். நல்ல காதை! அப்படியென்றால் பாதிப்பு உட்காதுக்கு, நரம்புப் பக்கம் போய்விட்டது. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனையும் அதையே சொன்னது.

வெளியிலிருந்து இரண்டுமே 'காது அடைப்பு'தான். வித்தியாசம் தெரிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. வாயை மூடி 'ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் ஓரளவு நிம்மதி. நல்ல காதில் கேட்டால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். இது பரிசோதனைக்கு ஈடாகாது, சும்மா ஒரு துப்பு. முனகல் எந்தக் காதில் கேட்டாலும், தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுவது, காதுக்குப் பின்னால் வீக்கம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

3 நாளுக்குள் திடீரென்று வரும் நரம்புக் கேளாமைக்கு ஸ்டீராய்டு கொடுப்போம். முதல் 2 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். சர்க்கரை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், அது ஏறும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், மழை விடட்டும் என்று நாளைத் தள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடமே முதலில் காட்டுங்கள்.

அந்த அம்மாவுக்குச் செவிப்பறையில் சின்னக் கீறல் போட்டுச் சீழ் எடுத்தோம், ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கொடுத்தோம். எண்ணெய் வைத்தியத்தில் போனது 6 நாள். கேட்கும் திறன் பெரும்பகுதி திரும்பியது, கீச்சுக் குரல்கள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இப்போது ஏலக்காரருக்கு வலப்பக்கமாக, இடது காது அவர் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்கிறாராம்.