பணம் வந்த வீடு, பணம் போன ஊர்

எல்லாருக்கும் வணக்கம். மைக் கேட்கிறதா? சரி.

போன கோடையில் நாங்கள் மூன்று குடும்பம், இரண்டு வண்டி, பழைய கல் வீட்டுக் கிராமங்கள் இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் கிளம்பினோம். லண்டனிலிருந்து விடிகாலையில் புறப்பட்டு ஒரே நாளில் ஆறு ஊர் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதாகத் திட்டம், திட்டம் போட்டவன் நான்தான். பைபரி என்ற கிராமத்தில் கார் நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போய்விட்டது. அப்புறம் ஆர்லிங்டன் ரோ என்கிற அந்தக் கல் வீட்டு வரிசை முன்னால் நின்று ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் கூட்டத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார், ஏதோ மியூசியம் என்று நினைத்து ஒரு ஜன்னலில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார். உள்ளே ஒரு பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அது அவர் குடியிருக்கும் வீடு! கோப்பையை லேசாகத் தூக்கிக் காட்டினார் மனிதர், திட்டக்கூட இல்லை.

அன்றைக்கு நான்கு ஊர்தான் முடிந்தது. இப்போது போட்டோவைப் பார்த்தால் எது எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். போகிற இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரிய மாளிகை என்றால் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, அழகான கிராமம் என்றால் பணம் எப்போது இந்த ஊரை விட்டுப் போனது.

இரண்டாவது பாதி விசித்திரமாகத் தோன்றும். அதே ஆர்லிங்டன் ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 14ஆம் நூற்றாண்டில் அது ஆட்டு ரோமம் வைக்கும் கிடங்கு, 17ஆம் நூற்றாண்டில் தடுத்து நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள், எதிரே இருக்கும் ஈரப்புல்வெளியில்தான் நெய்த துணியைச் சட்டத்தில் மாட்டிக் காயப்போடுவார்களாம். பிறகு யார்க்‌ஷயரில் யந்திர ஆலைகள் வந்தன, தொழில் வடக்கே போயிற்று. கையில் காசு இருந்திருந்தால் எல்லாரும் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள், நாம் செய்யவில்லையா? காசு இல்லை, வீடு நின்றது. நாம் ‘எவ்வளவு அழகு’ என்று படம் எடுப்பது ஒரு ஊர் நொடித்துப்போன பிறகு மிஞ்சியதைத்தான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வில்ட்‌ஷயரில் இருக்கும் லேகாக் போங்கள். தெருவில் நிற்கும் கார்களை மட்டும் மறைத்துவிட்டால் 18ஆம் நூற்றாண்டு, அதனால்தான் பழங்காலக் கதை எடுப்பவர்கள் அங்கே ஓடுகிறார்கள். ஊரில் பெரும்பகுதி டால்பட் என்ற ஒரே குடும்பத்தின் சொத்தாகவே இருந்து, 1944இல் அந்த வீட்டுப் பேத்தி மடில்டா டால்பட் மாளிகையோடு ஊரையும் சேர்த்து பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். மாளிகை முதலில் கன்னியர் மடம், 1232இல் ஈலா என்ற சீமாட்டி நிறுவியது. மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அது வீடாக மாறியது. கீழே மடத்தின் கல் தாழ்வாரம் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனால் நான் உங்களை நிற்கச் சொல்வது மாடியில், தெற்குக் கூடத்தில் இருக்கும் ஒரு ஜன்னல் முன்னால். சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஜன்னல், பெரிய அலங்காரம் ஒன்றும் இல்லை, அவசரத்தில் போனால் தாண்டிப் போய்விடுவீர்கள். 1835 ஆகஸ்டில் அந்த வீட்டுக்காரர், புகைப்படக் கலையின் முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அதைப் படம் பிடித்தார், இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். தபால்தலை அளவு. எடுத்த புதிதில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடித் துண்டுகளை எண்ணலாம் என்று அவரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவர் செய்த குட்டிக் கேமராக்களை வீட்டில் அங்கங்கே வைத்துவிட்டுப் போவாராம், அவர் மனைவி அவற்றுக்கு வைத்த பெயர் ‘எலிப்பொறி’. வீட்டுக்காரர் ஏதாவது ஆராய்ச்சியில் இறங்கினால் எல்லா ஊரிலும் மனைவிமார் பேச்சு ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, மாளிகைப் பக்கம் வருவோம். க்ளாஸ்டர்‌ஷயரில் சீசின்கோட் என்று ஒரு வீடு. ஆட்டு மந்தைக்கும் ஓக் மரத்துக்கும் நடுவில் திடீரென்று பச்சை பூத்த செப்புக் குவிமாடம், மொகலாய பாணி! கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த சார்லஸ் காக்கரெல், கட்டடக்கலைஞரான தன் அண்ணனை வைத்து 1805 வாக்கில் கட்டியது. தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் தாமஸ் டேனியல், நம் மதுரையையும் தஞ்சாவூரையும் மாமல்லபுரத்தையும் நேரில் வந்து வரைந்த அதே ஓவியர். பாலத்தின் மேல் நந்தி படுத்திருக்கிறது, சூரியனுக்குக் கோயில் இருக்கிறது, பூசை மட்டும் இல்லை. இந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே வேண்டாம், குவிமாடமே பதில் சொல்லிவிடும். அது தனியார் வீடு, எல்லா நாளும் திறக்க மாட்டார்கள், பார்த்துவிட்டுப் போங்கள்.

இதற்கு நேர் எதிராக ஒரு கிணறு ஆக்ஸ்ஃபர்ட்‌ஷயரில் ஸ்டோக் ரோ என்ற கிராமத்தில் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த இடம். அந்த ஊர் இருக்கும் சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை, பெய்கிற மழையெல்லாம் ஆழத்துக்கு இறங்கிவிடும், கோடையில் ஊர் தவித்துப்போகும். அந்தப் பக்கத்துக்காரர் எட்வர்ட் ரீட் காசி வட்டாரத்தில் அதிகாரியாக இருந்தவர். வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காகத் தாயிடம் அடி வாங்கிய ஒரு சிறுவனைப் பற்றி அவர் காசி மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். மகாராஜா அதை மறக்கவில்லை. தன் செலவில் அந்த ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார், 1864 மே 24 அன்று திறந்தார்கள். அகலம் 4 அடி, ஆழம் 368 அடி, அதாவது லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், முழுக்கக் கையால் தோண்டியது. நாலடி வட்டத்துக்குள் மண்வெட்டியோடு இறங்கிய ஆளை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் இலவசம், பராமரிப்புச் செலவுக்குப் பக்கத்திலேயே செர்ரித் தோப்பு. மேலே குவிமாடம், ராட்டினத்தின் மேல் தங்க நிறத்தில் ஒரு யானை. நாங்கள் போன அன்று அங்கே எங்களைத் தவிர ஒரு நாயும் அதைக் கூட்டிவந்த அம்மாவும்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன புளியோதரையைச் சாப்பிட்டோம், இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அடுத்த மாதம் லேகாக் போகிறோம். ஒரே வண்டி, ஒரே ஊர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி யாரும் தனியாக வர வேண்டாம், நான் ஒருமுறை நம்பி நாலு மைல் நடந்தவன். பெயரை வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிடுங்கள், புளியோதரை யார் செய்வது என்பதை மட்டும் இப்போதே பேசி முடித்துவிடுவோம்.