கென்னடி கொலை: 'மாயக் குண்டை' நூல் கட்டி அளந்து பாப்போம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ரெண்டு நாற்காலி, ஒரு நூல்கண்டு, ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்து வச்சிருக்கேன். ஜான் எஃப். கென்னடி கொலையில 60 வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருக்கிற 'மாயக் குண்டு' வாதத்தை வீட்டுலயே சோதிச்சுப் பாக்க இது போதும். திறந்த கார்ல போன கென்னடியோட முதுகுல பட்டுத் தொண்டை வழியா வெளிய வந்த அதே குண்டுதான் முன்னாடி இருந்த கவர்னர் கானலியையும் தாக்கிச்சுன்னு அரசு விசாரணை சொல்லிச்சு. அப்படி வளைஞ்சு போக அது என்ன மாயக் குண்டாங்கிறதுதான் மறுக்கிறவங்க கேள்வி.

1963 நவம்பர் 22, மதியம் 12:30, டல்லாஸ், டீலி பிளாசா. டெக்சாஸ் ஸ்கூல் புக் டெபாசிட்டரி கட்டடத்தோட ஆறாவது மாடி ஜன்னலோரத்துல மூணு காலி தோட்டா உறை கிடைச்சுது. அதே மாடியில 6.5 மில்லிமீட்டர் கார்கானோ ரைஃபிள், வரிசை எண் சி2766. சுட்டவர்னு கைதான லீ ஹார்வி ஓஸ்வால்ட் சிகாகோ கடையில இருந்து பொய்ப் பேர்ல தபால்ல வாங்கினது.

முதல்ல நேரக் கணக்கு. "ஆறு செகண்டுல மூணு தடவை எப்படிச் சுட முடியும்?"ங்கிற கேள்விதான் எல்லாச் சதிக் கதைக்கும் வாசல். அங்க வேடிக்கை பாக்க வந்த ஜாப்ரூடர்ங்கிறவர் எடுத்த 8 மில்லிமீட்டர் படம் செகண்டுக்கு 18.3 ஃப்ரேம் ஓடுது. தலையில பட்டது 313-ஆவது ஃப்ரேம். அந்த ரைஃபிளை ஒரு தடவை சுட்டு, அடுத்த தோட்டாவை ஏத்துற போல்ட்டை இழுத்துத் தள்ளி, மறுபடி குறிபாக்க குறைஞ்சது 2.3 செகண்ட் வேணும்னு எஃப்பிஐ சோதனை சொல்லிச்சு. அதாவது 42 ஃப்ரேம். 166-ல இருந்து 210 வரைக்கும் ஒரு ஓக் மரம் ஜன்னல்ல இருந்து பாக்குற பார்வையை மறைக்குது. அதனால முதல் குண்டு 210-லதான்னு வச்சா, அங்க இருந்து 313 வரைக்கும் 103 ஃப்ரேம், 18.3-ஆல வகுத்தா 5.6 செகண்ட். அந்த 'ஆறு செகண்ட்' இப்படி வந்ததுதான்!

ஆனா அது முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் நடுவுல உள்ள நேரம்னு யாரும் நிரூபிக்கல. இலக்குல பட்டது ரெண்டு குண்டு, ஒண்ணு தவறிப்போச்சு. தவறினது முதல் குண்டா இருந்து, மரம் மறைக்கிறதுக்கு முன்னாடி, 160-க்குப் பக்கத்துல சுட்டிருந்தா? 153 ஃப்ரேம், 8 செகண்டுக்கும் மேல. ஸ்டாப்வாட்ச்சை அழுத்திட்டு 8 செகண்ட் சும்மா உக்காந்து பாருங்க, எவ்வளவு நீளம்னு தெரியும். இன்னொண்ணு, ஸ்டாப்வாட்ச் முதல் சத்தத்துலதான் ஓட ஆரம்பிக்குது. அதனால மூணு தடவை சுட போல்ட்டை ரெண்டே தடவை இழுத்தா போதும். மூணு தடவைன்னு வச்சுக் கணக்குப் போடுறவங்க நிறைய.

இப்போ நாற்காலி. டெக்சாஸ் கவர்னர் கானலி கென்னடிக்கு நேர் முன்னாடி, அதே உயரத்துல, முன்னாடி பாத்து உக்காந்த மாதிரி ஒரு படம் போடுவாங்க. குண்டு வலது பக்கம் திரும்பி, இடது பக்கம் திரும்பி வளைஞ்சு போகும். அந்தப் படத்துல தப்பே ஆசனத்துலதான். கானலி இருந்தது மடக்கு இருக்கை. பின் ஆசனத்தைவிட ஏறக்குறைய 3 அங்குலம் தாழ்வு, கதவுல இருந்து சில அங்குலம் உள்ளே தள்ளி. அதோட அவர் உடம்பை வலது பக்கமாத் திருப்பியிருந்தார்.

அப்போ பின் நாற்காலி மேல 3 அங்குலத்துக்கு ஒரு பலகை வைங்க. முன் நாற்காலியை இடது பக்கமா நகத்துங்க. பின்னால உக்காந்தவரோட முதுகுல, வலது தோளுக்குக் கிட்ட, கழுத்துக்குக் கொஞ்சம் கீழ இருந்து தொண்டைக்கு நூல். வலது பின்பக்கத்துல இருந்து இடது முன்பக்கமா வரணும். இறக்கம் எவ்வளவு? கொலையை விசாரிச்ச அரசு குழுவான வாரன் கமிஷன் அளந்த சராசரி கோணம் கிட்டத்தட்ட 21 டிகிரி. ரோடே 3 டிகிரி சரிவு, அதைக் கழிங்க. சமதளத் தரையில உங்களுக்கு வேண்டியது 18 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி, அதாவது 3 அடிக்கு 1 அடி இறக்கம். நூலை மட்டமாப் பிடிச்சீங்கன்னா கானலிக்கு மேல போயிடும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். சரியாப் பிடிச்சா அவரோட வலது அக்குள் பக்கமா முதுகுல வந்து முட்டும். அங்கதான் அவருக்குக் காயம்.

"கென்னடி போட்டிருந்த கோட்டுல ஓட்டை காலருக்கு 5⅜ அங்குலம் கீழ இருக்கே, அப்புறம் எப்படித் தொண்டை வழியா வரும்?" நியாயமான கேள்வி. ஒரு கோட்டைப் போட்டுக்கிட்டு வலது கையைத் தூக்கி அசைச்சுப் பாருங்க, துணி மேல சுருண்டு ஏறும். அன்னைக்கு எடுத்த போட்டோக்கள்லயும் அந்தச் சுருக்கம் தெரியுது.

குண்டு துளிகூட நசுங்கலன்னு சொல்றதும் சரியில்ல. பக்கவாட்டுல எடுத்த போட்டோ மட்டும்தான் பரவிச்சு. அடிப்பக்கத்துல இருந்து பாத்தா தட்டையா நசுங்கி, ஈயம் வெளிய பிதுங்கியிருக்கு. எடை 158.6 கிரெயின், புதுசா இருந்தா ஏறக்குறைய 161.

ஆனா இதை நான் மறைக்க விரும்பல. அந்தக் குண்டு, சுடப்பட்டவங்களைக் கொண்டுபோன டல்லாஸ் பார்க்லேண்ட் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர்ல கிடைச்சு கைமாறிப் போன விதம் ரொம்ப மோசம். முதல்ல கையில வாங்கினவங்களால பின்னாடி "இதேதான்"னு உறுதியாச் சொல்ல முடியல. கானலியும் தன்னைத் தாக்கினது வேற குண்டுன்னு கடைசி வரைக்கும் சொன்னார். 1970-கள்ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒண்ணுக்காக ஆராய்ஞ்ச ஒன்பது தடயவியல் மருத்துவர்கள்ல எட்டு பேர் ஒரே குண்டுன்னு ஏத்துக்கிட்டாங்க, சிரில் வெக்ட் மட்டும் மறுத்தார்.

அதே நாடாளுமன்றக் குழுதான் 1979-ல "அநேகமா சதி"ன்னு முடிவு சொல்லிச்சு. பெரிய ஆதாரம், போலீஸ் ரேடியோ பேச்சைப் பதிஞ்சு வச்ச டிக்டாபெல்ட்ங்கிற ஒலிப்பதிவு. மைக் ஒண்ணு ஆன்லயே மாட்டிக்கிச்சு, அதுல நாலாவது வெடிச்சத்தம் கட்டடத்துல இருந்து இல்லாம, ரோட்டோரப் புல்மேட்டுப் பக்கத்துல இருந்து கேக்குதுன்னாங்க. ஓஹாயோவுல ட்ரம்ஸ் வாசிக்கிற ஒருத்தர் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அடியில மெலிசா ஷெரிஃபோட குரல் கேக்குதுன்னு கண்டுபிடிச்சார். சுட்டு முடிஞ்ச பிறகு கொடுத்த உத்தரவு அது! 1982-ல தேசிய அறிவியல் அகாடமி குழு சரிபாத்து, அந்தச் சத்தங்கள் கொலைக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் கழிச்சு வந்ததுன்னு சொல்லிச்சு. இந்தச் செய்தி முதல் செய்தி போன தூரத்துல பாதிகூடப் போகல, எனக்கு அது பெரிய வருத்தம்.

அப்போ அரசாங்கம் எதையும் மறைக்கலையா? மறைச்சுது, கோபம் வர்ற அளவுக்கு. காஸ்ட்ரோவைக் கொல்லப் போட்ட திட்டங்களை சிஐஏ வாரன் கமிஷன்கிட்ட சொல்லவே இல்ல. ஓஸ்வால்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போன ஒரு சீட்டை டல்லாஸ் எஃப்பிஐ ஆபீஸ்ல அழிச்சாங்க. பிரேதப் பரிசோதனை செஞ்ச டாக்டர் முதல் வரைவை எரிச்சார். கென்னடியோட மூளை 1966-ல தேசிய ஆவணக் காப்பகத்துல காணலன்னு தெரிஞ்சுது. தொண்டைக் காயத்து மேலேயே பார்க்லேண்ட் டாக்டர்கள் மூச்சுக்குழாய்க்கு வழி வெட்டியிருந்ததால, பெதஸ்டா கடற்படை ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்தவங்களுக்கு அங்க குண்டுக்காயம் இருந்ததே மறுநாள் போன்லதான் தெரிஞ்சுது. என் பார்வையில இதுல முக்கால்வாசி, கொலைகாரனை முன்னாடியே கவனிக்காம விட்டதை மூடப் பாத்த வேலை.

2025 மார்ச் 18-ல மறுபடி ஒரு கட்டு ஆவணம் வெளியாச்சு, தேசிய ஆவணக் காப்பகத்தோட தளத்துல இலவசமாப் படிக்கலாம். எந்தத் தாளைத் திறந்தாலும் முதல்ல தேதியைப் பாருங்க. 1963 நவம்பர் 22-க்கு முன்னாடி எழுதினதா, பின்னாடியா? பின்னாடி எழுதினதுல வதந்தியைப் பதிஞ்சு வச்ச தாளும் கலந்திருக்கும். முன்னாடி எழுதினதுன்னா, குறிப்பா ஓஸ்வால்ட் மெக்சிகோ சிட்டியில சோவியத், கியூபத் தூதரகங்களுக்குப் போன செப்டம்பர், அக்டோபர் வாரங்கள்ல எழுதினதுன்னா, அந்தத் தாளை வரி விடாமப் படிங்க.