கோஹாவில் நூற்படிகளைப் பதியும் படிவத்தைச் சுருக்குதல்

(திரையில்: நூற்படியைச் சேர்க்கும் நீண்ட படிவம் மெல்லக் கீழே நகர்கிறது.)

புதிய நூலின் தலைப்பு, ஆசிரியர் முதலிய விவரங்களைச் சேமித்தவுடன் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருள் இந்தப் படிவத்தைத் திறக்கிறது. ஒரே நூலின் ஒவ்வொரு படிக்கும் உரிய விவரங்கள் 952 என்னும் எண்ணிட்ட புலத்தின் (பதிவின் ஒரு பகுதி) துணைப்புலங்களாக இங்கே வரிசையாக நிற்கின்றன. தொலைந்துவிட்டதா, சேதமடைந்ததா, விலக்கப்பட்டதா என்றுகூட இப்படிவம் கேட்கிறது. உறையிலிருந்து இப்போதுதான் பிரித்தெடுத்த நூலுக்கு இக்கேள்விகள் எதற்கு? இந்நிலைகளைப் பின்னர் அந்தப் படியின் விவரப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

நூலைக் கையில் வைத்திருப்பவர் பார்த்தால்தான் தெரியும் என்ற செய்தியை மட்டுமே படிவம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பார்கோடு அப்படிப்பட்டது, விலையும் அப்படியே. நூல் தொலைந்தால் உறுப்பினரிடம் வசூலிக்க வேண்டிய தொகைக்கு மாற்று விலையே (அதே நூலை மீண்டும் வாங்க ஆகும் விலை) அடிப்படையாவதால், அவசரத்தில் அதை மறைத்துவிடக் கூடாது.

(திரையில்: நிர்வாகப் பகுதியில் நூற்பதிவுச் சட்டகங்களின் பட்டியல்.)

மறைக்கும் வேலை நிர்வாகப் பகுதியிலுள்ள மார்க் (MARC என்னும் நூற்பதிவுத் தரவடிவம்) சட்டகத்தில், அதாவது எந்தப் புலங்கள் தோன்ற வேண்டும் என்று வரையறுக்கும் அமைப்பில், நடக்கிறது. 952 புலத்தைத் திறந்து, வேண்டாத துணைப்புலத்தின் அமைப்புகளில் 'எடிட்டர்' என்ற பெட்டியின் குறியை எடுத்துவிட்டால், அது படிவத்தில் தோன்றாது. ஆனால் கட்டாயம் என்று குறிக்கப்பட்ட துணைப்புலத்தை மட்டும் அந்தக் கட்டாயக் குறியை நீக்காமல் மறைக்காதீர்கள். பதிபவரின் கண்ணுக்கே படாத பெட்டியை நிரப்பச் சொல்வது எவருக்கும் நியாயமாகாது. ஒவ்வொரு சட்டகத்திலும் 952 தனித்தனியாக இருப்பதால், ஒன்றில் செய்த மாற்றத்தை மற்றவற்றிலும் செய்தாக வேண்டும். இதை விட்டுவிட்டால், நூலுக்கு ஒரு படிவமும் குறுந்தகடுக்கு வேறொரு படிவமும் தோன்றிப் பதிபவரைக் குழப்பும்.

எஞ்சியவற்றில் பலவற்றை மென்பொருளே நிரப்பிவிடும். சொந்த நூலகமாகப் பணியாளர் உள்நுழைந்துள்ள நூலகமே தெரிவாகியிருக்கும். சேர்த்த தேதிக்கு அன்றைய தேதியை இயல்பு மதிப்பாக அமைக்கலாம். நூலின் அலமாரி இடத்தைக் காட்டும் அழைப்பு எண்ணை, டூயி (Dewey) வகைப்பாட்டு எண் உள்ள 082 புலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி கணினி விருப்பங்களில் குறிப்பிட்டுவிட்டால், அதே எண்ணை இரண்டாம் முறை தட்டச்சு செய்வதால் நேரும் பிழைகள் ஒழிந்துபோகும். அலமாரியில் தவறான இடத்தில் நின்று, தேடி வந்தவருக்குக் கிடைக்காமல் போகும் நூல்களுள் பல இத்தகைய பிழைகளால் விளைந்தவையே.

ஒரே நூலின் ஐந்து படிகள் வந்திருந்தால், ஐந்து முறை படிவத்தை நிரப்ப வேண்டியதில்லை. (திரையில்: பல படிகளைச் சேர்க்கும் பொத்தான்.) எண்ணிக்கையைக் கொடுத்தால், முதல் பார்கோடிலிருந்து அடுத்தடுத்த எண்களை மென்பொருள் தானே வழங்கும். முந்தைய படியின் மதிப்புகளை அடுத்த படிக்குக் கொண்டுவரும் வசதியும் உண்டு என்றாலும், எந்தெந்தத் துணைப்புலங்கள் வர வேண்டும் என்பதைத் தேர்ந்து கொடுங்கள். இல்லையேல் ஒரு நூலுக்கு எழுதிய குறிப்பு, தொடர்பே இல்லாத அடுத்த நூலிலும் ஒட்டிக்கொள்ளும்.

மாற்றங்கள் முடிந்ததும், நிர்வாகப் பகுதியிலுள்ள சட்டகச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். பிறகு அன்றாடம் பதிவு செய்பவரையே அழைத்து, உண்மையான ஒரு நூலைப் பதியச் சொல்லி, அவர் எந்தப் பெட்டியில் தயங்குகிறார் என்று அருகிலிருந்து கவனியுங்கள். அடுத்து மறைக்க வேண்டியதையோ இயல்பு மதிப்பு தர வேண்டியதையோ அந்தத் தயக்கமே காட்டிக்கொடுக்கும்.