பழைய மேனேஜரும் புதுக் கணக்கும்

(விளையாட்டு ரசிகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் எவர்டன் கால்பந்து கிளப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதுமே பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போகிறார்கள். டீ குடிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். லிவர்பூல் என்றதும் நம் பையன்களுக்குச் சிவப்புச் சட்டைதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊரில் ஸ்டான்லி பூங்காவுக்கு ஒரு பக்கம் லிவர்பூல் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டு என்றால், மறுபக்கம் எவர்டனின் பழைய மைதானமான குடிசன் பார்க். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். அந்த மறுபக்கத்து நீலச் சட்டைக்காரர்கள் தங்கள் அணியை நடத்திய மேனேஜர் ஒருவரைக் கொண்டாடி, வெறுத்து, பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திரும்பக் கூட்டிவந்தார்கள். டேவிட் மோயஸ். அவரைப் பற்றியும், அவரைவிட அதிகமாக அவரை எடைபோட்ட ரசிகர்களைப் பற்றியும்தான் இன்றைய பேச்சு.

ரசிகன் நாக்குக்கு நரம்பில்லை, அன்று ஏசியவன்தான் இன்று போற்றுகிறான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் கட்சி வேறு. 2013-இல் அவர்கள் அவர்மேல் வைத்த குறை சரி. 2025-இல் அவரை வரவேற்றதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மோயஸ் கிளாஸ்கோக்காரர். 2002 மார்ச்சில் பிரஸ்டன் கிளப்பிலிருந்து எவர்டனுக்கு வந்தபோது வயது 38. அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுமோ என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். வந்த அன்றே, இந்த ஊர்த் தெருவில் எதிர்ப்படுகிறவர்களில் பெரும்பாலோர் எவர்டன் ஆட்கள், இது மக்களின் கிளப் என்று பேசினார். பக்கத்து வீட்டுக்காரன் உலகப் புகழோடு இருக்க, உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பாலை வார்த்த மாதிரி இருந்தது. கிளப் அதையே தன் பட்டப்பெயராக எடுத்துக்கொண்டது.

கையில் காசு கிடையாது. 2004-இல் பதினெட்டே வயதான வெய்ன் ரூனியை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். அதற்கு முந்தைய சீசனில் எவர்டன் 17-ஆம் இடம். ரூனியும் போய்விட்டால் கதை முடிந்தது என்றார்கள். ரூனி போன அந்த சீசனில் அணி நான்காம் இடம் பிடித்தது. போட்ட கோல் 45, வாங்கிய கோல் 46. போட்டதைவிட அதிகமாக வாங்கிவிட்டு நான்காவதாக வந்த அணி! ஒரு கோல் போட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள், தோற்றால் மொத்தமாகத் தோற்பார்கள். மோயஸின் சாமர்த்தியம் முழுதும் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. அவருடைய எல்லையும் அங்கேயேதான் இருக்கிறது என்று அப்போதே சிலருக்குத் தோன்றியிருக்கும்.

ஆள் எடுப்பதில் கைகாரர். மில்வாலிலிருந்து வந்த டிம் கேஹிலுக்குக் கொடுத்த விலை சுமார் 15 லட்சம் பவுண்டு. அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸிலிருந்து ஷேமஸ் கோல்மன் வந்தது வெறும் 60,000 பவுண்டுக்கு. அந்தக் கோல்மன் பிறகு அணித் தலைவரானார். மோயஸின் கடைசி ஏழு சீசன்களில் எவர்டன் எட்டாம் இடத்துக்குக் கீழே போனதே இல்லை.

இவ்வளவும் செய்தவர்மேல் என்ன குறை? கோப்பை இல்லை. இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்ஏ கோப்பையின் 2009 இறுதிப் போட்டியில் அரை நிமிடத்துக்குள் லூயி சாஹா கோல் போட்டார்; கடைசியில் செல்சி 2-1 என்று வென்றது. 2012 அரையிறுதியில், எதிரே லிவர்பூல், முதல் கோல் எவர்டனுடையது, அதையும் 2-1 என்று தோற்றார்கள். ஆறாத புண் 2013 மார்ச்சில் நடந்தது. கால் இறுதி, சொந்த மைதானம், எதிரி விகன். நான்கு நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கினார்கள். விகன் அந்த ஆண்டு கோப்பையையே வென்றது, அது வேறு கதை. போதாக்குறைக்கு ஆன்ஃபீல்டு, ஓல்டு டிராஃபோர்டு, ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ், ஆர்சனல் மைதானம் ஆகிய நான்கு பெரிய கிளப்புகளின் மைதானங்களில், அந்தப் பதினோரு ஆண்டுகளில், லீக் ஆட்டம் ஒன்றுகூட வென்றதில்லை. ஒன்றுகூட! பெரிய வீட்டு வாசலுக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கிற சுபாவம் அவரிடம் இருந்தது. ரசிகர்கள் சொன்ன குறை அதுதான். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

2013-இல் ஒப்பந்தம் முடிந்தது, அலெக்ஸ் ஃபெர்குசன் இடத்துக்கு யுனைடெட் கூப்பிட்டது, போனார். கடைசி ஆட்டத்தில் குடிசன் பார்க் எழுந்து நின்று கைதட்டித்தான் வழியனுப்பியது. வெறுப்பு வந்தது அதற்குப் பிறகு. அவர் போன அதே கோடையில் எவர்டன் ஆட்டக்காரர்கள் பெய்ன்ஸ், ஃபெலெய்னி இருவரையும் சேர்த்து 2 கோடியே 80 லட்சம் பவுண்டுக்குக் கேட்டது யுனைடெட். அவமானப்படுத்துகிற விலை என்று எவர்டன் திருப்பி அனுப்பியது. கடைசி நாளில் ஃபெலெய்னி மட்டும் கிட்டத்தட்ட அதே விலைக்குப் போனார். நேற்றுவரை கூட இருந்து, நம் வீட்டில் எது என்ன விலை பெறும் என்று தெரிந்தவர், வெளியே போனதும் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டால் எப்படி இருக்கும்?

2014 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. யுனைடெட் மேனேஜராக மோயஸ் குடிசன் பார்க்குக்கு வருகிறார். அவருடைய இருக்கைக்குப் பின்னால் ஒரு ரசிகர் எமன் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறார். நம் எமன் எருமைமேல் பாசக்கயிறோடு வருவான். அவர்கள் ஊர் எமனுக்குக் கறுப்பு முக்காடும் நீண்ட பிடி போட்ட அரிவாளும். அந்த அரிவாளை மோயஸ் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டுகிறார் அவர். காவலர்கள் வந்து அப்புறப்படுத்தினார்கள். ஆட்டம் 2-0, எவர்டன் வெற்றி. முதல் கோல் பெனால்டி, அடித்தவர் பெய்ன்ஸ், மோயஸ் விலை பேசிய அதே பெய்ன்ஸ். இரண்டே நாளில் யுனைடெட் மோயஸை வேலையைவிட்டு எடுத்தது. அந்த சீசனில் புதிய மேனேஜர் ராபர்டோ மார்டினெஸ் எவர்டனுக்கு 72 புள்ளி வாங்கித் தந்தார். பிரீமியர் லீக்கில் அந்தக் கிளப்பின் உச்சம் அது. மோயஸ் ஒழிந்ததே நல்லது என்று நினைத்தவர்களுக்கு வேறு என்ன சான்று வேண்டும்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அப்புறம் பணம் வந்தது. 2016-இல் ஃபர்ஹாத் மோஷிரி என்ற பணக்காரர் கிளப்பின் பங்குகளை வாங்கி உள்ளே வந்தார். மார்டினெஸ் போய் கூமன், அலார்டைஸ், மார்கோ சில்வா, ஆன்செலோட்டி, பெனிடெஸ், லாம்பார்டு, டைச் என்று வரிசையாக வந்து போனார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஆளை வாங்கினார்; அடுத்தவருக்கு அந்த ஆள் தேவைப்படவில்லை. 2017 கோடையில் ஒரே இடத்துக்கு ஆடக்கூடிய மூன்று பேரை வாங்கினார்கள்: சிகுர்ட்சன், கிளாசன், திரும்பி வந்த ரூனி. சிகுர்ட்சன் ஒருவருக்கு மட்டும் 4 கோடி பவுண்டு. கோல்மனின் 60,000 அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வந்திருக்கும். 2022-இல் கிரிஸ்டல் பேலஸ் அணியிடம் 0-2 என்று பின்தங்கி 3-2 என்று வென்று, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பினார்கள். 2023-இல் கடைசி நாள், டூகூரே அடித்த ஒரே கோலில் தப்பினார்கள். அடுத்த சீசனில் செலவு வரம்பை மீறியதற்காக முதலில் பத்துப் புள்ளி வெட்டு, முறையீட்டில் அது ஆறானது, பிறகு இன்னும் இரண்டு.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். பழமொழி நல்லதுதான் ஐயா, ஆனால் இங்கே பாதிதான் பொருந்தும். நிழலை யாரும் வெட்டவில்லை. அதுவே எழுந்து போய்விட்டது. ஆசைப்பட்டு அவரைத் துரத்தியதால்தான் இந்த கதி என்று எவர்டன் ரசிகர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள். கெட்டுப்போனதற்குக் காரணம் ரசிகர்களின் ஆசை இல்லை. திட்டமில்லாத பணம்.

போனவரும் அதே ஆளாக இருக்கவில்லை. ஸ்பெயினில் ரியால் சோசியதாத் கிளப், பிறகு சண்டர்லாந்து. 2017-இல் சண்டர்லாந்து அவர் கையில்தான் கீழே இறங்கியது. லண்டனின் வெஸ்ட் ஹாம் கிளப்பைக் கீழே இறங்காமல் காப்பாற்றிக் கொடுத்தார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, 2019 டிசம்பரில் அவர்களே மறுபடி கூப்பிட்டார்கள். 2023 ஜூன் 7, பிராக் நகரம், ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப் போட்டி. 90-ஆம் நிமிடத்தில் போவென் கோல் போட, வெஸ்ட் ஹாம் 43 ஆண்டுக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பையைத் தூக்கியது. மோயஸ் தன் பதக்கத்தைக் கழற்றி, 87 வயது அப்பாவின் கழுத்தில் போட்டார். கோப்பை வெல்லத் தெரியாதவர் என்ற பேச்சுக்கு அன்றோடு உயிர் போயிற்று.

2025 ஜனவரி. எவர்டன் 19 ஆட்டத்தில் 17 புள்ளி, கீழிறங்கும் கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. கிளப்பை ஃப்ரீட்கின் குழுமம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜனவரி 11 அன்று மோயஸ் திரும்பினார். ரசிகர்களில் தயங்கியவர்கள் இருந்தார்கள். தயக்கத்துக்கு அந்தக் கிளப்பின் சரித்திரத்திலேயே காரணம் உண்டு: ஹோவர்டு கெண்டல். 1985, 1987 என்று இரண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த மேனேஜர். 1990-இல் மான்செஸ்டர் சிட்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பழைய மாயம் நடக்கவில்லை. 1997-இல் மூன்றாம் முறை வந்தார்; கடைசி நாளில், போல்டனும் அதே 40 புள்ளியில் நிற்க, கோல் வித்தியாசத்தில்தான் எவர்டன் பிழைத்தது. கெண்டலை இன்றும் தெய்வமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தெய்வம் திரும்பி வந்தபோது என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள் மோயஸுக்காக உடனே துள்ளிக் குதிப்பார்களா?

முதல் ஆட்டம் ஆஸ்டன் வில்லாவிடம் 1-0 தோல்வி. பிறகு டோட்டன்ஹாம், பிரைட்டன், லெஸ்டர் என்று வரிசையாக மூன்று வெற்றி. பிப்ரவரி 12, குடிசன் பார்க்கில் கடைசி மெர்சிசைடு மோதல், அதாவது எவர்டனும் லிவர்பூலும். 98-ஆம் நிமிடம், பந்து பெனால்டி பெட்டிக்குள் துள்ளி விழ, எவர்டனின் தற்காப்பு ஆட்டக்காரரான தார்கோவ்ஸ்கி காலை முழுதாக வீசி வலையின் மேல் பகுதிக்குள் அடித்தார். 2-2. விசில் ஊதிய பிறகும் சண்டை ஓயாமல், லிவர்பூல் மேனேஜர் ஆர்னே ஸ்லாட் வரைக்கும் சிவப்பு அட்டை. மிச்சமிருந்த 19 ஆட்டத்தில் மோயஸ் சேர்த்தது 31 புள்ளி, அணி 13-ஆம் இடம். அவருடைய பயிற்சியாளர் குழுவில் இருந்தவர் யார் தெரியுமா? பெய்ன்ஸ்.

மே 18 அன்று, 133 ஆண்டு ஆடிய குடிசன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம், சவுத்தாம்ப்டனை 2-0 வென்றார்கள். இனி அது பெண்கள் அணியின் மைதானம். ஆண்கள் பிராம்லி-மூர் துறைமுகத்தில் கட்டிய புது அரங்குக்குப் போனார்கள். 2002-இல் மக்களின் கிளப் என்றவரே பழைய வீட்டைப் பூட்டிச் சாவி கொடுத்தது பொருத்தம்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2013-இல் ரசிகர்கள் அவரை அளந்தது கிளப்பால் எட்டக்கூடியது என்று நம்பிய உயரத்தை வைத்து. 2025-இல் அளந்தது விழக்கூடிய பள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிறகு. அளவுகோல் மாறியதற்கு அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்காகப் பழைய குறையை மறந்துவிட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். அவர் திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் எஃப்ஏ கோப்பையில் போர்ன்மத்திடம் சொந்த மண்ணில் தோற்றார்; செப்டம்பரில் லீக் கோப்பையில் வுல்வ்ஸிடம் தோற்றார். 1995-க்குப் பிறகு எவர்டனுக்குப் பெரிய கோப்பை கிடையாது. நன்றி வேறு, கோப்பைப் பசி வேறு. நல்ல ரசிகனிடம் இரண்டும் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், வெளியே போனவர்களும் திரும்பிவிட்டார்கள். 2025 நவம்பர் 24, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம். 13-ஆம் நிமிடத்தில் எவர்டன் ஆட்டக்காரர் இட்ரிசா கெயே, சொந்த அணிக்காரரான கீனின் கன்னத்திலேயே அறைந்து சிவப்பு அட்டை வாங்கினார். பத்து பேர் மிச்சம். டியூஸ்பரி-ஹால் ஒரு கோல் போட்டார். எண்பது நிமிடத்துக்கு மேல் பத்து பேரோடு தாக்குப்பிடித்து 1-0 என்று வென்றார்கள். எதிரணி மேனேஜராக அந்த மைதானத்தில் மோயஸுக்கு அதுதான் முதல் லீக் வெற்றி. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் ஆன்ஃபீல்டில் 2-1 என்று தோற்றிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இங்கே சிவப்புச் சட்டை போட்டிருக்கிற தம்பி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.