பலகையில் எழுதாத டிசம்பர் 25

(‘வரலாற்றில் ஒரு நாள்’ என்ற தலைப்பில் நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். தினமும் முதல் பாடவேளைக்கு முன்பு கரும்பலகையின் வலது மூலையில் ‘வரலாற்றில் இன்று’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு வரி எழுதுவேன். யார் பிறந்தார், எந்தப் போர் முடிந்தது, எந்தச் சட்டம் வந்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும். மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் வந்து அதைப் படித்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்பார்கள். அந்த மூலைக்காகவே நான் நிறையப் படித்தேன் என்று சொல்லலாம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கவனத்துக்கு வந்தது. டிசம்பர் 25 என்ற தேதியை நான் ஒரு முறைகூட அந்தப் பலகையில் எழுதியதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்டிருப்பார்கள், வகுப்பறை பூட்டிக் கிடக்கும். நாட்காட்டித் தாளில் சிவப்பு எழுத்தில் கிறிஸ்துமஸ் என்று இருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடுவோம். எழுதாமல் விட்ட அந்த நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

உலக வரலாற்றில் அந்த நாளில் நடந்தவற்றுக்குக் குறைவில்லை. கி.பி. 800-இல் ரோமில் சார்லமேனுக்குப் பேரரசராக முடி சூட்டினார் போப்பாண்டவர். 1914-இல் மேற்குப் போர்முனையில் ஆங்கிலேயச் சிப்பாய்களும் ஜெர்மானியச் சிப்பாய்களும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பதுங்குகுழிகளிலிருந்து ஏறி வந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். 1991-இல் கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகுவதாக அறிவித்தார். அன்று மாலையே கிரெம்ளின் மாளிகையின் மேல் பறந்த சோவியத் கொடி இறங்கியது. இவை எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. நான் நிற்க விரும்புவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று மகாராஷ்டிரத்தின் மகாட். இன்னொன்று நம் கீழத்தஞ்சையின் கீழவெண்மணி. இரண்டு ஊரிலும் டிசம்பர் 25 இரவில் நெருப்பு எரிந்தது. இடைவெளி நாற்பத்தோரு ஆண்டுகள்.

முதலில் மகாட். கொங்கணக் கரையில் கொலாபா மாவட்டத்தில் இருந்த சிறு நகரம். அங்கே சவதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். ஆடு மாடு இறங்கிக் குடிக்கலாம், பிற மதத்தார் எடுக்கலாம். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மட்டும் தொடக் கூடாது. பொதுக் கிணறுகளும் குளங்களும் எல்லோருக்கும் உரியவை என்று 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மறு ஆண்டு மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டோம் என்று தீர்மானித்தது. காகிதத்தில் திறந்தார்கள், கரையில் யாரையும் விடவில்லை.

1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஊர்வலமாக மக்களை அழைத்துக்கொண்டு அந்தக் குளத்தில் இறங்கி, ஒரு கை நீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்களும் குடித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்து கோவிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களைத் தடிகொண்டு தாக்கினார்கள். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். எப்படி என்று கேளுங்கள். குளத்திலிருந்து 108 குடம் நீர் எடுத்து, அதில் பால், தயிர், சாணம், கோமியம் கலந்து, மந்திரம் சொல்லி மறுபடியும் குளத்தில் ஊற்றினார்கள். மனிதன் கை பட்ட நீரைச் சாணம் கரைத்துத் தூய்மையாக்கிய இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் உடைந்திருக்கிறது.

ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. சத்தியாக்கிரகம் என்று அம்பேத்கர் டிசம்பருக்கு நாள் குறித்தார். எதிர்த் தரப்பினர் நீதிமன்றத்துக்குப் போய், இது தனியார் குளம் என்று சொல்லி இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்கள். மாநாட்டுப் பந்தல் போட ஊரில் இடம் கொடுக்க ஆளில்லை. ஒரு முஸ்லிம் பெரியவர் தம் நிலத்தைக் கொடுத்தார். அம்பேத்கரும் உடன் வந்தவர்களும் பம்பாயிலிருந்து சாலை வழியாக வர பஸ்காரர்கள் ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்து, ‘பத்மாவதி’ என்ற படகில் கடல் வழியே தாஸ்காவ் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே மகாட் வந்து சேர்ந்தார்கள்.

டிசம்பர் 25 இரவு ஒன்பது மணி. பந்தலுக்கு முன்னால் ஒன்றரை அடி சதுரத்தில், ஆறு அங்குல ஆழத்தில் ஒரு குழி. அதில் சந்தனக் கட்டைத் துண்டுகள். நான்கு மூலையிலும் கம்பு நட்டுப் பதாகை கட்டியிருந்தார்கள். அந்தக் குழியில் மனுஸ்மிருதியை இட்டு எரித்தார்கள். எரிப்பதற்கான தீர்மானத்தை முன்மொழிந்தவர் கங்காதர் நீலகண்ட சகஸ்ரபுத்தே. அவர் பிறப்பால் பிராமணர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நெருப்பு ஒரு சாதிக்காரர்மேல் மூட்டிய நெருப்பு அன்று. ஒரு மனிதர் மேலும் அதன் பொறி விழவில்லை. எரிந்தது ஒரு நூல், அந்த நூல் வகுத்த ஏற்றத்தாழ்வு.

நீதிமன்றத் தடையை மதித்து, அந்த முறை குளத்தில் யாரும் இறங்கவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் வந்தார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, தொடாமல் நடந்தார்கள். தாகத்தோடு கரையில் நடந்த அந்தக் கால்களை நினைத்துப் பாருங்கள். வழக்கு பத்தாண்டு இழுத்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

மகாட்டில் பெண்களிடமும் அம்பேத்கர் தனியாகப் பேசினார். இன்ன சாதிப் பெண் என்று காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு சேலைக்கட்டும், கனத்த நகைகளும் அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தன. அவற்றை விட்டுவிடுங்கள், கணுக்கால் வரை சேலை கட்டுங்கள் என்றார். மறுநாளே பலர் சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எரித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தச் சேலையைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன்.

கீழத்தஞ்சை என்றால் நெல். நெல் என்றால் மிராசுதார், பண்ணையாள். மற்ற இடங்களில் வயதானவர்கள் ‘பழைய காலம்’ என்று ஏதோ ஒரு இனிமையோடு சொல்வார்கள். அங்கே வயதானவர்களிடம் கேட்டால் சாணிப்பாலும் சவுக்கடியும் என்பார்கள். வேலைக்குத் தாமதமாக வந்தால் சாட்டையால் அடிப்பது, சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றிக் குடிக்கச் செய்வது. மகாட்டில் குளத்தில் ஊற்றிய அதே சாணம் இங்கே மனிதன் தொண்டையில் இறங்கியது. 1940-களில் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம் அந்த ஊர்களுக்குள் வந்த பிறகே அது ஒழிந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சைப் பண்ணையாள்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பு தரும் அவசரச் சட்டம் வந்தது. அதே ராஜாஜி மறைந்ததும் ஒரு டிசம்பர் 25, 1972-இல். அன்று இரங்கல் உரையாற்றியவர்களில் யாருக்காவது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய டிசம்பர் 25 நினைவுக்கு வந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

1968. அறுவடைக் காலம். கூலியாக அளக்கும் நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள் தொழிலாளர்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். கூலியை உயர்த்த மறுத்ததோடு, செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்றும் நெருக்கினார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடையை முடிக்கப் பார்த்தார்கள். டிசம்பர் 25 மாலையில் தொடங்கிய மோதலில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார். அன்று இரவே அடியாட்கள் துப்பாக்கியோடு கீழவெண்மணிச் சேரிக்குள் புகுந்தார்கள்.

ஓட முடிந்த ஆண்கள் வயல்களுக்குள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் போய்ப் பதுங்கினார்கள். நான்கு பேர் கால் நீட்டிப் படுத்தால் நிறைந்துவிடுகிற குடிசை. அதற்குள் அத்தனை பேர். வெளியே கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். உள்ளிருந்து வெளியே எறிந்த குழந்தையையும் திரும்பத் தீயில் போட்டார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். இறந்தவர்கள் 44 பேர். பெண்கள் 16, வயதான ஆண்கள் 5, குழந்தைகள் 23. எண்ணிக்கையில் பாதிக்கு மேல் குழந்தைகள்.

வழக்கு நடந்தது. 1970-இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் உள்ளிட்ட சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரும் நிலம் உள்ள செல்வர்கள், அவர்களில் முதலாமவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாள் யாரும் இல்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்று. நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தவன், அன்று முழுவதும் அதைத் திறக்கவில்லை. மகாட் மக்களுக்கு உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது வெண்மணி மக்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மாலை மோதலில் இறந்தவருக்கான வழக்கில் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் வெண்மணிக்கு ஊர் ஊராகக் கிளம்பிப் போகிறார்கள். கீழ்வேளூரில் இறங்கினால் தேவூர்ப் பக்கம். நானும் போனேன். இருபுறமும் வயல், பச்சையும் பழுப்புமாகச் சம்பா. நினைவிடத்தில் 44 பெயர்களையும் பொறித்திருக்கிறார்கள். கூட்டம் முழக்கமிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண்மணி மட்டும் எதுவும் பேசாமல், ஒரு பெயரின் எழுத்துகளை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார். உறவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்த அந்த ஜனவரியில், பள்ளி திறந்த முதல் நாள், தேதி தவறிப் போயிருந்தாலும் பரவாயில்லை என்று ‘டிசம்பர் 25: 1927, 1968’ என்று பலகையில் எழுத நினைத்தேன். சாக்பீஸை எடுத்தேன். ஆனால் எழுதவில்லை, வாயால் சொன்னேன். அந்த 44 பேரை இரண்டு வரியில் அடக்க மனம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு. வகுப்பு முழுவதும் அசையாமல் கேட்டது. கடைசியில் ஒரு பையன் எழுந்து, “அரைப்படி என்றால் எவ்வளவு ஐயா?” என்று கேட்டான். கிலோவிலும் லிட்டரிலும் வளர்ந்த பிள்ளை, அவனுக்குத் தெரியவில்லை. நான்கு ஆழாக்கு என்றேன். அதுவும் புரியவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து அரைப்படியையும் ஒரு பையில் நெல்லையும் எடுத்துப் போனேன். மேசைமேல் செய்தித்தாளை விரித்து நெல்லைக் கொட்டினேன். முதல் வரிசையில் ஒரு மாணவி, அவள் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். அவளை அழைத்து அளக்கச் சொன்னேன். படியை நெல்லுக்குள் அமுக்கி நிறைத்தவள், கையை அதன் மேல் வைத்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“தலை தட்டியா ஐயா, குவித்தா?”