ஸ்டெல்த் விமானம் திருவனந்தபுரத்தில் எப்படி மாட்டியது?

(திரையில்: களியக்காவிளை, மழை, ஒரு சாயாக்கடை)

வணக்கம் மக்களே. 2025 ஜூன் 14 ராத்திரி பிரிட்டனின் எஃப்-35பி என்ற ஸ்டெல்த் போர் விமானம், அதாவது ரேடாரில் எளிதில் சிக்காதபடி செய்யப்பட்ட விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கி, பழுதாகி, ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது ஞாபகம் இருக்கும். அது வருவதைத் தங்கள் கண்காணிப்பு வலையமைப்பே கண்டுபிடித்து அடையாளம் கண்டதாக நம் விமானப்படை சொன்னதும், இந்தக் கடையில் ஒரு மாமா கேட்டார்: "மக்கா, ரேடாருல தெரியாதுன்னானே, பொறவு எப்படிப் பாத்தானுவ?"

சரியான கேள்வி. முதல் பதில் ரொம்பச் சாதாரணம்: இறங்க இடம் கேட்டு வருகிறவன் ஒளிந்துகொண்டு வரமாட்டான். தன் அடையாளத்தை ரேடியோவில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் போட்டு, நான்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருவான். போர் இல்லாத நாட்களில் இந்த விமானங்கள், ரேடாரில் நன்றாகத் தெரியட்டும் என்றே உடம்பில் சின்னச் சின்னப் பிரதிபலிப்பான்களை மாட்டிக்கொண்டு பறப்பதும் வழக்கம்தான்.

சரி, அதையெல்லாம் கழற்றிவிட்டு வந்தால்?

விடியும் முன்னே தலையில் லைட் கட்டி ரப்பர் வெட்டப் போகிறவர்களைக் கேளுங்கள். எதிரே ஒரு தகரம் நேராக நின்றால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும், அதையே சாய்த்து வைத்தால் வெளிச்சம் எங்கோ போய்விடும், தகரம் இருப்பதே தெரியாது. ஸ்டெல்த்தில் பெரும்பங்கு இந்தச் சாய்வுதான். ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சு அதற்கு அடுத்தது. குண்டு, ஏவுகணையெல்லாம் வயிற்றுக்குள்ளே போய்விடும், எஞ்சின் விசிறி நேராகத் தெரியாதபடி காற்றுக்குழாயையும் வளைத்துவிடுவார்கள்.

இப்போது கணக்கு. ரேடார் அனுப்பும் அலை விமானத்துக்குப் போகும்போதும் விரிந்து பலமிழக்கிறது, மோதி எதிரொலியாகத் திரும்பும்போதும் அப்படியே. அதனால் ரேடார் பார்க்கும் தூரத்தைப் பாதியாக்கவே எதிரொலியை 16 மடங்கு குறைக்க வேண்டும். 10,000 மடங்கு குறைத்தாலும் தூரம் பத்தில் ஒன்றாகத்தான் சுருங்கும், பூஜ்யமாகாது. திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு ரேடார், சாதாரண விமானத்தை 400 கிலோமீட்டரில், கிட்டத்தட்ட கும்பகோணத்துக்கு மேலேயே பிடிக்கும் என்று வையுங்கள். ஸ்டெல்த் விமானம் அதே ரேடாரில் மார்த்தாண்டம் வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் அவன் ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பியிருப்பான். மாமா, விஷயம் இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. போர் விமானங்களும் ஏவுகணைகளும் குறிபார்க்கப் பயன்படுத்தும் ரேடார் அலை சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், வடிவமைப்பெல்லாம் பெரும்பாலும் அதை ஏமாற்றத்தான். 2 மீட்டர் நீள அலை வந்தால்? வால் சிறகும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் சாய்வு, பூச்சு இரண்டுமே அவ்வளவாக எடுபடாது. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் விழுந்தது இப்படித்தான்: பி-18 என்ற பழைய நீள்அலை ரேடார் அது வருவதைக் காட்டியது, 1960களின் எஸ்-125 ஏவுகணை அடித்தது. ஆனால் நீள அலை "இந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும், துல்லியமாகக் குறிவைக்க உதவாது. அதற்குச் சின்ன அலை ரேடார்தான் வேண்டும், அதைச் செர்பியர்கள் விமானம் பக்கத்தில் வந்த பிறகே, கொஞ்ச நொடிகளுக்கு மட்டும் போட்டார்கள்.

(திரையில்: ஓடுபாதை)

நம்ம விருந்தாளி ஜூலை 22 அன்று பழுது நீங்கி ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குக் கிளம்பியது. அன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும்படிதான் போயிருக்கும். வளைகுடா விமானங்களுக்கு நடுவே ஒளிந்து பறந்தால் விமானங்களுக்கு வழிகாட்டும் நம்ம ஏடிசிக்காரர்களுக்கல்லவா தலைவலி!